தண்டையல் வீட்டுத் தாலிக்கொடியும் ஓர் ஒல்லாந்துக் காசும்

என் மடைத்தனத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் சொல்லி நீங்கள் கேட்பதைவிட அது எனக்கு மரியாதை. பழைய ஐரோப்பியப் பொற்காசு என்று நான் முதன்முதலாகத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தது ஒரு சட்டைப் பொத்தான்.

சும்மா பொத்தான் இல்லை. ஏதோ ஒரு காலத்துப் பட்டாளத்துக்காரனின் மேற்சட்டைப் பொத்தான். பித்தளையில் பொன்முலாம். ஒரு பக்கத்தில் கிரீடமும் அதைச் சுற்றி இலைகளும். மறுபக்கத்தில் நூல் கோக்க ஒரு காது. பழைய காசுகளைப் பெண்கள் கழுத்தில் போடுவதற்காக நகை செய்யும் பத்தர்மார் காது வைத்து ஒட்டியிருப்பார்கள் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். நான் காதைக் கண்டேன், காசு என்று முடிவு கட்டினேன். உரும்பிராயில் ஒரு தோட்டக்காரர் வெங்காயத்துக்கு மண் கொத்தும்போது கிடைத்ததாம். அவர் தயங்கித் தயங்கித்தான் தந்தார். அவர் தயங்கத் தயங்க எனக்கு ஆசை கூடிக்கொண்டு போனது. நான் வாசல் படலையைத் தாண்டியதும் வீட்டுக்குள்ளிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. ஏதோ குடும்பச் சந்தோசமாக்கும் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

என் எசமான் அதை வாங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"இவர் பொத்தான்," என்றார். "இவரின்ரை மிச்சச் சட்டை எங்கை?"

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், நாணயம் சேர்க்கும் பிள்ளைகள் சிலர். மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து படம் போட்ட விலைப் புத்தகம் வருகிறது, அதில் பார்த்து ஒன்றைக் குறித்துத் தபாலில் அனுப்பினால் காசு பொட்டலத்தில் வந்து இறங்குகிறது. கதிரையை விட்டு எழும்பத் தேவையில்லை. போன மாதம் என்னையும் கூப்பிட்டு, அந்தக் காலத்தில் காசுகளை எப்படிச் சேர்த்தீர்கள் என்று கேட்டார்கள். "கழுத்துப் பார்த்து," என்றேன். சிரித்தார்கள். பகிடி என்று நினைத்துவிட்டார்கள். பகிடி இல்லை, அதுதான் என் உத்தியோகம். அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். பென்சன் இல்லாமல் ஓய்வு பெற்றவனுக்கு எழுதுவதைவிட வேறென்ன வேலை.

என் எசமான் யாழ்ப்பாணப் பட்டினத்தில் பிரக்கிராசியாக இருந்தார். வழக்குப் பத்திரம் தயாரிப்பது, காணி உறுதி முடிப்பது, இறந்துபோனவர்களின் சொத்தை உரிமைக்காரருக்கு எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர் தொழில். நான் அவருடைய கந்தோரில் பிரதி எழுதும் கிளாக்கராகச் சேர்ந்தேன். சேர்ந்த சில நாளில் ஓர் உறுதியில் வடக்கெல்லையைத் தெற்கிலும் தெற்கெல்லையை வடக்கிலும் எழுதி, ஒரு மனிதனின் கிணற்றை அயலவனுக்குத் தாரைவார்த்துவிட்டேன். ஒப்பம் வைக்குமுன் எசமான் கண்டுபிடித்தார். என்னை நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். நாலு பேரோடு கதைக்கத் தெரியுமா என்று கேட்டார். அது மட்டும்தான் ஐயா தெரியும் என்றேன். அன்றிலிருந்து என் கையில் பேனை குறைந்து, காலில் சைக்கிள் கூடியது.

எசமானுக்குத் தொழில் சட்டம், நோய் காசு. எல்லாக் காசும் இல்லை. ஒல்லாந்தர் இந்த நாட்டை ஆண்ட காலத்தில், அதாவது இங்கிலீசுக்காரன் வருவதற்கு முந்திய அந்த நூற்றுச் சொச்ச வருசத்தில், ஐரோப்பாவில் அடித்துக் கப்பலேறி வந்த பொற்காசுகள்தான் அவருக்கு வேண்டும். வெள்ளியைக் கண்டால் திரும்பியும் பார்க்க மாட்டார். செம்பு என்றால் குசினிக்குக் கொண்டு போ என்பார்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒல்லாந்துக் காசு என்றால் தலை முதல் கால் வரை இரும்புடுப்புப் போட்ட ஒருவன் நிற்பான், ஒரு கையில் வாள், மறுகையில் ஒரு கட்டு அம்பு. வெனிஸ் பட்டினத்துக் காசு என்றால் ஒருவர் நிற்க மற்றவர் அவர் முன்னால் மண்டியிட்டிருப்பார். பிரெஞ்சுக்காரனுடையது என்றால் பெரிய மூக்கோடு ஒரு ராசா. இவ்வளவையும் ஒரு பின்னேரத்தில் படித்தேன். மறக்கப் பத்து நாள்கூட எடுக்கவில்லை, அதனால்தான் முதலில் பொத்தான் வந்தது. ஆனால் காசு எங்கே இருக்கும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அது பெட்டகத்தில் இல்லை, பெண்களின் கழுத்தில் இருந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் அந்த வெனிஸ் காசை வெகு பக்தியோடு போட்டிருந்தார்கள். மண்டியிட்டிருப்பவர் குருவிடம் திருநீறு வாங்குகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. எசமான் ஒருநாளும் அதைத் திருத்தியதில்லை. திருநீறு வாங்கட்டும், நல்லதுதானே என்பார்.

கழுத்துப் பார்ப்பது இலேசான தொழில் இல்லை. அளவெட்டியில் ஒரு தேர்த்திருவிழாக் காலையில், எல்லோரும் நாயனத்தைக் கேட்டுக்கொண்டிருக்க நான் மட்டும் ஓர் அம்மாவின் காசுமாலையை எண்ணிக்கொண்டு நின்றேன். தோளில் ஒரு கை விழுந்தது. என்ன பாக்கிறாய் என்று கேட்டார் அந்த அம்மாவின் தமையன். நான் உண்மையைச் சொன்னேன். காசு பாக்கிறன் என்றேன். "காசு பாக்கிறவை நிலத்தைப் பாப்பினம்," என்று சொல்லிவிட்டுத் தந்தார் ஒன்று. அந்தக் கன்னம் இன்றைக்கும் நாயனச் சத்தம் கேட்டால் சூடேறும்.

நான் காசு கொண்டுவந்தால் எசமான் உடனே கையில் வாங்க மாட்டார். முதலில் எழும்பிப் போய்ச் சவுக்காரம் போட்டுக் கை கழுவுவார். துவாயால் விரல் விரலாகத் துடைப்பார். மேசையில் ஒரு தடித்த கம்பளித் துணியை விரிப்பார், தவறி விழுந்தாலும் காசுக்கு நோகக்கூடாது. பிறகுதான் விளிம்பில் இரண்டு விரலால் பிடித்துத் தூக்குவார். முகத்தில் விரல் படவே படாது. பத்தர்மாரைப் போல உரைகல்லில் உரைக்க விட மாட்டார். நகைத் தராசில் நிறுப்பார், விரல் நுனியில் நிறுத்திப் பேனைக் கட்டையால் மெல்லத் தட்டி, தலையைச் சரித்து அந்த ஓசை அடங்கும்வரை கேட்பார். அந்த நேரம் யாரும் மூச்சு விடக்கூடாது. ஒருமுறை எனக்குத் தும்மல் வந்து, தட்டலை முதலிலிருந்து தொடங்கினார்.

இன்னொரு பழக்கம் அவருக்கு. எங்கள் எல்லோரையும், கட்சிக்காரர் உட்பட, நீ என்பார். காசை மட்டும் அவர் என்பார். "வாருங்கோ, எங்கை இவ்வளவு நாளும் இருந்தனீங்கள்" என்று துணியில் கிடக்கும் காசிடம் கேட்பார். நான் மழையில் நனைந்து பன்னிரண்டு கட்டைத் தூரம் சைக்கிள் மிதித்து வந்து பக்கத்தில் சொட்டச் சொட்ட நிற்பேன். என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

விற்க மனமில்லாதவர்களை அவர் வற்புறுத்த மாட்டார். அப்படிப்பட்ட காசுக்குத் தேன்மெழுகில் ஓர் அச்சு எடுத்துவரச் சொல்வார். பதமான மெழுகை வில்லையாகத் தட்டி, காசின் இரண்டு முகத்திலும் அமுக்கி எடுத்தால், முடியிழை அளவு கோடும் பதிந்திருக்கும். அந்த அச்சில் வெண்சாந்து வார்த்துத் தன் தட்டுகளில் வைத்துக்கொள்வார். மெழுகு பதமாக இருக்க வேண்டும் என்பதற்காக நான் அதை மடியில் கட்டிக்கொண்டு போவேன். சித்திரை வெயிலில் அது எனக்கே அச்செடுத்த நாட்களும் உண்டு.

முப்பதுகளில் பொன் விலை ஏறத் தொடங்கியது. ஊரெல்லாம் பழைய காசுகளைக் கழற்றிப் பத்தரிடம் கொடுத்து உருக்கத் தொடங்கினார்கள். எசமானுக்கு அது பிள்ளைகளை நெருப்பில் போடுவது போல இருந்தது. தெரிந்த பத்தர்மாருக்கெல்லாம், உருக்குமுன் ஒரு சொல்லுச் சொல்லி அனுப்புங்கள் என்று சொல்லி வைத்தார். அப்படித்தான் ஒருநாள் நெல்லியடிப் பத்தர் தானே நேரில் கந்தோருக்கு வந்தார்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தாலிக்கொடிக்குக் கொளுவி பழுது பார்த்தாராம். அதில் கோத்திருந்த காசு ஒன்று இங்கிலீசுப் பவுண் இல்லை, இரும்புடுப்புக்காரன். அதில் புதினம் என்னவென்றால் அம்புக்கட்டுக்குப் பக்கத்தில் அரிசி மணியளவில் ஒரு குத்து, அதற்குள் அறபு எழுத்துப்போல ஏதோ நெளிந்துகொண்டு இருந்ததாம்.

எசமான் கதிரையை விட்டு எழும்பினார். ஒல்லாந்தர் ஜாவாவில் தங்கள் காசு செல்லவேண்டும் என்பதற்காக அந்தத் தீவின் பெயரை அறபு எழுத்தில் முத்திரை குத்திவிட்ட காலம் ஒன்று இருந்ததாம். அப்படிக் குத்திய காசை அவர் படத்தில்தான் கண்டிருந்தார்.

"அவர் இப்ப எங்கை இருக்கிறார்?" என்று கேட்டார்.

ஒரு தண்டையலின் பெண்சாதியின் கழுத்தில் என்றார் பத்தர். எசமான் திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டார்.

வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துத் தாலிக்கொடியில் தாலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒவ்வொரு பொற்காசு கோப்பது வழக்கம். பெரும்பாலும் இங்கிலீசுப் பவுண். பழைய குடும்பங்களில் அதற்கு முந்திய காசு. புருசன் உயிரோடு இருக்கும்வரை அதை விலை கேட்பது என்பது நினைத்துப் பார்க்கக்கூடாத ஒன்று. தண்டையல் என்பவர் பாய்க்கப்பலின் தலைவர், கடல்தான் அவருக்குக் கந்தோர். ஆகவே எசமான் விலை என்ற சொல்லையே எடுக்கவில்லை. மெழுகு அச்சு மட்டும் போதும் என்றார். கொடியைக் கழற்றவும் தேவையில்லை, அந்த அம்மா காசை விரலில் பிடித்துக்கொண்டு நின்றால் நீ மெழுகை அமுக்கி எடு, அரை நிமிச வேலை என்றார்.

தை பிறந்து சில நாள். நான் கறுத்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, எசமானின் பழைய தோல் பையையும் தூக்கிக்கொண்டு, மடியில் மெழுகோடு புறப்பட்டேன். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். பருத்தித்துறைப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எனக்கு இன்னும் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள்.

படலையடியில் ஒரு வயதான அம்மா இருந்து பனங்கிழங்கு கிழித்துக்கொண்டிருந்தார். தண்டையலின் தமக்கை என்பது பிறகுதான் தெரிந்தது. தண்டையல் வீடு இதுதானே என்றேன். ஓம் என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, படித்துக்கொண்டு வந்ததை ஒப்புவித்தேன்.

"நான் பட்டினத்திலை பிரக்கிராசியாற்றை கிளாக்கர். தண்டையலின்ரை பெண்சாதியைக் காணவேணும். அவவின்ரை தாலிக்கொடிக் காசை ஒருக்காப் பாக்கவேணும்."

அந்த அம்மாவின் கையிலிருந்த கிழங்கு விழுந்தது. என் கோட்டைப் பார்த்தார், பையைப் பார்த்தார். பிறகு "ஐயோ என்ரை தம்பி" என்று ஒரு கத்துக் கத்தினார். நான் இரண்டடி பின்னால் பாய்ந்தேன்.

ஒழுங்கையின் இரண்டு பக்கத்து வேலியும் திறந்தது. பெண்கள் தலைமுடியை அவிழ்த்தபடி ஓடிவந்தார்கள். இப்போதாவது என் மூளை வேலை செய்திருக்க வேண்டும். அது செய்தது, ஆனால் பிழையான பக்கமாகச் செய்தது. உள்ளே யாரோ வயதானவர் இழுத்துக்கொண்டு கிடந்திருக்கிறார், நான் வந்த நேரம் பார்த்துப் போய்விட்டார் என்று நினைத்தேன். செத்தவீட்டு மரியாதை தெரியாதவன் என்று பெயர் வரக்கூடாதே. தொப்பியைக் கழற்றினேன். தலையைக் குனிந்தேன். பக்கத்தில் வந்து நின்ற பெரியவரின் கையைப் பிடித்து, எல்லாம் அவன் செயல், எங்கடை கையிலை என்ன கிடக்கு என்று உருக்கமாகச் சொன்னேன்.

அதோடு ஒழுங்கை முழுவதும் குழறி அழுதது.

விசயம் இதுதான். தண்டையலின் கப்பல் பர்மாவின் அக்கியாப்புத் துறைக்கு அரிசிக்குப் போனது. மார்கழியில் கடலில் பெரும் புயல். கூடப் போன கப்பல்கள் வந்துவிட்டன, இந்தக் கப்பலை மட்டும் காணவில்லை. செய்தியும் இல்லை. அந்த வீட்டில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்த நேரத்தில் நான் போய் நின்றிருக்கிறேன். சொத்துள்ள ஒருவர் இறந்தால் கோர்ட்டில் அவர் சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். அதை எழுத வீட்டுக்கு வருபவன் யார்? கறுத்தக் கோட்டும் தோல் பையுமாகப் பிரக்கிராசியின் கிளாக்கர். அவன் கேட்பது என்ன? வீட்டுக்காரியின் நகை. கடற்கரைக்கு வருமுன்னே சாவுச் செய்தி கோர்ட்டுக்குப் போய்விட்டது என்று அவர்கள் நினைத்ததில் என்ன பிழை? போதாததற்கு நான் துக்கமும் விசாரித்துவிட்டேன்.

உள்ளேயிருந்து தண்டையலின் பெண்சாதி வெளியே வந்தார். வள்ளிப்பிள்ளை என்று பெயர். முப்பது வயதிருக்கும். கொடியை ஒரு கையால் நெஞ்சோடு அமுக்கிப் பிடித்திருந்தார். அழவில்லை.

"தந்தி வந்ததோ?" என்று என்னைக் கேட்டார்.

"ஆருக்கு?"

"கப்பலைப் பற்றி."

"எந்தக் கப்பல்?" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். அந்த நேரத்தில் என் முகத்தில் இருந்த முட்டாள்தனம் முழுவதையும் அவர் வாசித்து முடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். பிறகு சனத்தின் பக்கம் திரும்பினார்.

"அழாதேங்கோ. உந்த மனிசனுக்கு ஒண்டும் தெரியாது."

என் உத்தியோக காலம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த ஒரே நற்சாட்சிப் பத்திரம் அதுதான்.

மற்றவர்கள் அதை ஏற்கவில்லை. சாவுச் செய்தி கொண்டுவருபவன் நேரே சொல்ல மாட்டான், தண்ணீர் கேட்பான், மழை வெயில் கதைப்பான், வேறெதற்கோ வந்ததாகச் சொல்வான் என்று தமக்கையார் சொன்னார். உண்மைதான், எங்கள் பக்கத்தில் அப்படித்தான். காசு பார்க்க மட்டும்தான் வந்தேன் என்று நான் சொல்லச் சொல்ல, பாவம் மனிசன் எப்படி மறைக்கிறான் என்று என்மேல் இரக்கமும் பட்டார்கள். மெழுகை எடுத்துக் காட்டலாம் என்று மடியை அவிழ்த்தால், அது உருகி வேட்டியோடு ஒட்டிப் போயிருந்தது. உண்மை தெரியும்வரை நான் போகக்கூடாது என்றார்கள். ஒரு வாலிபன் என் சைக்கிளிலேயே ஏறி எசமானைக் கூட்டிவரப் பட்டினத்துக்குப் போனான்.

அயலவர்கள் அந்த வீட்டு அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைக்கப் போனார்கள். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. வள்ளிப்பிள்ளை குசினி வாசலில் மறித்துக்கொண்டு நின்றார்.

"அடுப்பை மூட்டுங்கோ. வந்த ஆளுக்குச் சோறு குடுக்கவேணும்."

நான் சாப்பிட்டேன். சுற்றிவர அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, மீன்குழம்பும் சோறும். ஒவ்வொரு கவளமும் தண்டையல் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி என்பது போல அவர் பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டே இருந்தார். போதும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வயிறு வெடித்துச் செத்தால் அந்த வீட்டில் உண்மையாகவே சாவு விழுமே என்றுதான் பயந்தேன்.

பின்னேரம் எசமானின் கார் வந்தது. படலையடியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தன்னிடம் வழக்கும் இல்லை, தந்தியும் இல்லை, கடிதமும் இல்லை என்றார். அப்ப ஏன் கிளாக்கர் வந்தவர் என்று தமக்கையார் கேட்டார்.

"அம்மா, நான் காசுப் பைத்தியம் பிடிச்சவன். இவன் என்னைவிட மோசம். வேறை ஒண்டும் இல்லை. அந்தக் கோயிலறியச் சத்தியம்."

ஒழுங்கை முடிவில் தெரிந்த கோயில் பக்கம் திரும்பிக் கை கூப்பினார். சனம் அதை நம்பியது. தலைமுடிகளை முடிந்துகொண்டார்கள். எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் வள்ளிப்பிள்ளை பேசினார்.

"அவர் வந்தால் காட்டிறன், ஐயா. வராட்டில் நீங்களே கொண்டு போங்கோ. பிறகு எனக்கு ஏன்."

காசு எசமானின் கண்ணுக்கு இரண்டு முழத்தில் இருந்தது. வெயிலும் நேரே அதில் விழுந்துகொண்டிருந்தது. அவர் நிலத்தைப் பார்த்தபடியே நின்றார். திரும்பி வரும்போது காரில் நான், காசைக் கண்டியளோ ஐயா என்று கேட்டேன். வாயை மூடச் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த கிழமைகளைப் பற்றிப் பகிடியாக எழுத என்னால் முடியாது. எசமான் தன் காசுத் தட்டுகளைத் திறப்பதையே விட்டுவிட்டார். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை என்னைத் துறைமுகத்துக்கும் தந்திக் கந்தோருக்கும் அனுப்புவார். காசைப் பற்றி வாய் திறவாதே, கப்பலை மட்டும் கேள் என்பார். நான் போகும் வழியில் பெண்கள் என்னைக் கண்டால் வீட்டுக்குள் போய்விடுவார்கள். அவன் வாய்தான் தண்டையலைத் தின்றது என்று ஒரு கதை அந்தக் கரை முழுவதும் நடந்தது. எனக்கே அது மெய்யோ என்று தோன்றத் தொடங்கியது. நான் ஒருவன் துக்கம் விசாரித்ததால் கப்பல் தாழாது என்று பகலில் தெரியும். படுத்தால் தெரியாது.

ஒருநாள் வெறுங்கையோடு திரும்பி வந்து, ஒரு செய்தியும் இல்லை என்றேன். எசமான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நான் எதை விரும்பிறன் எண்டு நீ நினைக்கிறாய்?"

"கப்பல் வாறதை, ஐயா."

"ஓம். அது எனக்கே நிச்சயமா இருக்கவேணுமெண்டுதான் உன்னை அனுப்பிறன்."

சட்டம் படித்த மனிதன். தன்னையே கூண்டில் ஏற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதனின் சாவோடு கட்டிவிட்ட காசு, அவர் வாழ்நாளெல்லாம் தேடிய காசு. அதற்கு ஆசைப்படாமல் இருப்பதற்கு அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். அதுவரை அவரைப் பற்றி நான் கந்தோர்ப் பொடியள் நடுவில் செய்து காட்டும் கை கழுவும் பகிடியை அன்றோடு நிறுத்தினேன்.

மாசி மாதத்தில் ஒரு காலை. நான் துறைமுகத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்தேன், என் பக்கத்து வாங்குப் பலகையில் வழக்கம்போல யாரும் இருக்கவில்லை. வெளியே யாரோ, பாய் தெரியுது என்றார்கள். எல்லோரும் எழும்பி ஓடினோம். தூரத்தில் ஒரு கப்பல், ஒரு பாய்மரம் முறிந்து, அந்த இடத்தில் ஏதோ தடியைக் கட்டி ஒட்டுப் போட்ட பாயோடு, நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தது. கரையில் நின்ற கிழவர் ஒருவர் கப்பலின் முன்புற அணியத்தைப் பார்த்தே இன்னாருடையது என்றார். அதற்குப் பிறகு அந்தக் கரையில் கேட்ட சத்தத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது.

புயல் அவர்களை வடக்கே அடித்துக்கொண்டு போய்த் தெலுங்குக் கரையில் ஒதுக்கிவிட்டதாம். அங்கே மரம் தேடிக் கட்டிக்கொண்டு வரத்தான் இவ்வளவு நாள். வேறொரு கப்பலிடம் கடிதம் கொடுத்து அனுப்பினார்களாம், அந்தக் கப்பல் இவர்களுக்குப் பிறகுதான் வந்தது. வள்ளத்தில் தண்டையல் கரைக்கு வந்தார். கறுத்து மெலிந்து, தாடியோடு. அவர் கால் மண்ணில் பட்டதும் முதலில் ஓடிப் போய்க் கட்டிப்பிடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். அதுவரை அந்த மனிதரை நான் கண்டதே இல்லை. விக்கி விக்கி அழுதேன். அவர் என் தலைக்கு மேலால் தன் ஆட்களைப் பார்த்து, உவர் ஆர் என்று கேட்டார்.

"உங்களைச் சாக்காட்டின கிளாக்கர்," என்றது ஒரு குரல்.

கரை முழுவதும் சிரித்தது. வள்ளிப்பிள்ளையும் அழுதுகொண்டே சிரித்தார். எனக்குப் பிறகு, முறைப்படி அவர்களும் பக்கத்தில் வரலாம் என்று விலகி நின்றேன்.

பட்டினம் வரைக்கும் நான் சைக்கிளை மிதித்ததாக நினைவில்லை, அது தானாகப் போனது. கந்தோர் வாசலில் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். வந்திட்டுது என்றேன். எத்தனை பேர் என்று கேட்டார் எசமான். எல்லாரும் என்றேன். அவர் எழும்பிக் கை கழுவப் போனார். கையில் காசு எதுவும் இல்லை, எதற்குக் கழுவப் போனார் என்று தெரியவில்லை. நெடுநேரம் கழித்து வந்தார். கண் சிவந்திருந்தது. சவுக்காரம் பட்டிட்டுது என்றார்.

சில நாள் பொறுத்துச் சொல்லி அனுப்பினார்கள். இரண்டு பேரும் போனோம். கறுத்தக் கோட்டை மட்டும் எசமான் கழற்றிவிட்டு வரச் சொன்னார். கிணற்றடியில் சவுக்காரம் போட்டுக் கை கழுவினார். வள்ளிப்பிள்ளை கொடியைக் கழற்றாமல் காசை மட்டும் விரல் நுனியில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். எசமான் குனிந்தார். "வாருங்கோ," என்றார் காசிடம், மிக மெதுவாக. "உங்களைக் காண நான் கொஞ்சம் அலைஞ்சு போனன்." இரும்புடுப்புக்காரன் அப்படியே நின்றான். அம்புக்கட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் குத்து, பத்தர் சொன்னது போலவே. மெழுகை எசமானே அமுக்கினார். என்னை விடவில்லை.

அச்சு நன்றாக விழுந்தது. தண்டையலுக்கு மனம் நிறைந்திருந்தது. எங்களுக்காக இவ்வளவு அலைந்திருக்கிறீர்கள், இந்தக் காசை நீங்களே வைத்திருங்கோ, நான் அவவுக்கு ஒரு பவுண் கோத்துக் குடுக்கிறன் என்றார். எசமான் மெழுகு அச்சைத் துணியில் சுற்றத் தொடங்கினார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் வேலியைப் பார்த்தேன்.

வள்ளிப்பிள்ளை காசைச் சட்டைக்குள் விட்டார்.

"காட்டிறன் எண்டுதான் சொன்னனான். தாறன் எண்டு சொல்லேல்லை."

எசமான் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க. நான் அவரிடம் வேலை செய்த அத்தனை வருசத்தில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை. முதுகில் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போலச் சிரித்தார். தண்டையலும் சிரித்தார். தமக்கையார் பனங்கட்டியும் தேத்தண்ணியும் கொண்டுவந்தார். என் மனதிலும் அவ்வளவு நாள் கிடந்த கல் உருண்டு கடலில் விழுந்துவிட்டது. ஓர் ஆளையும் நான் கொல்லவில்லை. இனி இந்தக் கரையில் நான் எந்த ஒழுங்கையாலும் நிமிர்ந்து நடக்கலாம் என்று நினைத்தேன்.

புறப்படும்போது படலைவரை வந்த தண்டையலிடம், உரிமையோடு கேட்டேன்.

"அடுத்த பயணம் எப்ப, அண்ணை?"

"நீர் இந்தப் பக்கம் வராத நாளாப் பாத்து."